முதல் குற்றம் என்றால் ஜெயில் கிடையாதா? தம்பிக்காக எழுதிய ஓர் அக்காவுக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

மலேசியாவின் பினாங்கில் உள்ள பிறையிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது 31. அப்பா இல்லை. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தம்பிக்கு 23 வயது, தொழிற்சாலையில் டெக்னீஷியன், அம்மாவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவதும் அவர்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரரோடு வாய்ச்சண்டை வந்திருக்கிறது. அவர் தம்பியின் நண்பருடைய சட்டையைப் பிடிக்க, நண்பர் கையால் குத்த, தம்பி கையில் இருந்த ஹெல்மெட்டால் ஒரு அடி அடித்துவிட்டார். அந்த ஆளுக்குப் புருவத்துக்கு மேல் ஏழு தையல். நண்பர் மீது குற்றவியல் சட்டம் 323ஆவது பிரிவு, ஒப்புக்கொண்டு 1,500 ரிங்கிட் அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டார். தம்பி மீது 324ஆவது பிரிவு. 3,000 ரிங்கிட் ஜாமீனில் வெளியே இருக்கிறார், அடுத்த மாதம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மீண்டும் தேதி. இன்னும் லாயர் வைக்கவில்லை. "ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம், ஒவ்வொரு தேதிக்கும் லீவு எடுக்க முடியவில்லை" என்கிறார் தம்பி.

அக்காவின் கேள்விகள் பல. முதல் குற்றம் என்பதால் நன்னடத்தை ஜாமீனில் விட்டுவிடுவார்கள் என்று மாமா சொல்கிறார், சரியா? ஒப்புக்கொண்டால் தண்டனை பாதியாகும் என்கிறார்களே? வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு தண்டனை அட்டவணையில் இந்த அளவு காயத்துக்குச் சமூக சேவை போதும் என்று இருக்கிறது, நீதிபதி அதை மீற முடியுமா? இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் தண்டனையை முடிவு செய்கிறதாமே? அம்மாவின் நிலையை விளக்கி மாஜிஸ்திரேட்டுக்கு நேரடியாகக் கடிதம் எழுதலாமா? கடைசியாக ஒரு வரி: "இந்தியப் பையன் சண்டை போட்டான் என்றாலே கேங் என்றுதானே நினைப்பார்கள்?"

சகோதரி, உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அடுத்த தேதியில் தம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொள்ளவே கூடாது என்று சொல்லவில்லை, கடைசியில் அதுவே நல்ல முடிவாகக்கூட இருக்கலாம். ஆனால் லாயர் ஒருவர் குற்றச்சாட்டைப் பார்த்துப் பேசுவதற்கு முன்னால், லீவு கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக, ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்கள் எல்லாரும் தண்டனை சொல்லப்போகும் அந்த நாளை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் தம்பியின் விஷயத்தில் பெரும்பகுதி அந்த நாளுக்கு முன்பே தீர்மானமாகிவிடும்.

323, 324: இந்த ஓர் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது

நண்பருக்கு அபராதம் என்றால் தம்பிக்கும் அதுதான் என்று நினைக்கிறீர்கள். இல்லை. 323 என்பது வேண்டுமென்றே காயம் விளைவிப்பது. அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது 2,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டும். 324 ஆயுதத்தால் காயம் விளைவிப்பது. அதிகபட்சம் பத்தாண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது பிரம்படி, அல்லது இவற்றில் ஏதாவது இரண்டு. ஒரே இரவு, ஒரே சண்டை, ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு குற்றங்கள். ஒன்றாகக் குற்றம் செய்தவர்களுக்கு இடையே காரணமில்லாத வித்தியாசம் கூடாது என்ற கொள்கை உண்மைதான், அதை லாயர் எடுத்துச் சொல்லவும் வேண்டும், ஆனால் பிரிவே வேறு என்னும்போது அதன் பலம் குறைந்துவிடும்.

இப்போது மாமா சொன்ன நன்னடத்தை ஜாமீனுக்கு வருகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. குற்றவாளியின் குணம், கடந்தகாலம், வயது, உடல்நிலை, குற்றத்தின் சிறுமை இதையெல்லாம் பார்த்து, உடனே தண்டிக்காமல் பிணைப்பத்திரத்தில் விடலாம். 173ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேல்: குற்றம் நிரூபணமானாலும் தீர்ப்பில் குற்றவாளி என்று பதியாமலேயே, கண்டித்தோ, மூன்றாண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பத்திரத்திலோ விடுவிக்கலாம். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 23 வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இந்த இரண்டு பிரிவுகளும் கடுமையான குற்றங்களுக்குப் பொருந்தாது, அதாவது அதிகபட்ச சிறை பத்தாண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றங்களுக்கு. 324-இன் அதிகபட்சம் சரியாகப் பத்தாண்டு. அதனால் 324-இல் நின்றுகொண்டு நன்னடத்தை ஜாமீன் கேட்டால், மாஜிஸ்திரேட் மனம் இளகினாலும் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. 323-க்கு மாறினால் அந்தக் கதவு திறக்கிறது. மாமா சொன்னது தவறான சட்டம் இல்லை, உங்கள் தம்பியின் பிரிவுக்குப் பொருந்தாத சட்டம், அவ்வளவுதான்.

ஆகவே லாயர் செய்ய வேண்டிய முதல் வேலை ரெப்ரெசென்டாசி. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, டிபிபிக்கு, குற்றச்சாட்டை 323-க்கு மாற்றக் கேட்டுக் காரணங்களோடு எழுதும் கடிதம் அது. வழக்குத் தொடுப்பதும் நடத்துவதும் கைவிடுவதும் கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) பிரிவின்படி சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம், அந்த அதிகாரத்தில்தான் டிபிபி முடிவு செய்கிறார். உங்கள் தம்பிக்கு எழுத விஷயம் இருக்கிறது. ஹெல்மெட் ஆயுதமா என்பதே வாதத்துக்குரியது. 324 பேசுவது சுடும், குத்தும், வெட்டும் கருவிகளையும், ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிர்போக வாய்ப்புள்ள பொருள்களையும் போன்றவற்றைத்தான். ஹெல்மெட்டை வைத்து 324 போடுவது நடக்காத காரியம் இல்லை, ஆனால் திட்டமிட்டு எடுத்துவந்த பாராங் கத்தியும் மோட்டார் ஓட்டிவந்தவர் கையில் ஏற்கெனவே இருந்த ஹெல்மெட்டும் ஒன்றில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரே அடி, எலும்பு முறிவு இல்லை, பழைய வழக்கு இல்லை. டிபிபி ஏற்றுக்கொள்வார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் 324-இல் ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் அந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: அந்த ஆள்தான் முதலில் கை வைத்தார், நண்பனை விடுவிக்கத்தான் தம்பி அடித்தார். அது உண்மையானால் வெறும் சாக்கு இல்லை. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் தற்காக்கும் உரிமை குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. ஆபத்துக்குத் தகுந்த அளவில்தான் அடித்தாரா, அந்த நேரம் ஆபத்து இருந்ததா, முடிந்துபோயிருந்ததா என்பதையெல்லாம் ஆராய வேண்டும். கடையின் சிசிடிவி இருந்தால் அதுதான் பேசும், பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும் என்பதால் இதில் தாமதிக்காதீர்கள். விசாரணைக்குப் போவதானால் போலீஸ் ரிப்போர்ட்டையும், தான் பயன்படுத்தப்போகும் ஆவணங்களையும் அரசுத் தரப்பு முன்கூட்டியே தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது.

அட்டவணை, கம்ப்யூட்டர், நீதிபதியின் மனம்

உங்களுக்கு வந்த அட்டவணை இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களுக்கானது. அங்கே 2010-இலிருந்து தண்டனை மன்றம் ஒன்று இயங்குகிறது. குற்றத்தின் தீவிரத்தைப் படிபடியாகப் பிரித்து, எங்கிருந்து தொடங்க வேண்டும், எது வரை போகலாம் என்று வகுத்துத் தருகிறது. நீதிபதி அதைப் பின்பற்றியே ஆக வேண்டும், பின்பற்றுவது நீதிக்கு முரணாகும் என்று கருதினால் மட்டுமே காரணம் சொல்லி விலகலாம். அமெரிக்காவின் கூட்டரசு நீதிமன்றங்களில் 1987-இல் வந்த வழிகாட்டி ஏறக்குறைய கட்டளையாகவே இருந்தது, 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை ஆலோசனை என்ற அளவுக்கு இறக்கியது. சிங்கப்பூரில் ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கான குறைப்பு பற்றிய அதன் வழிகாட்டி 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது, அதுவும் நீதிபதியைக் கட்டாயப்படுத்தாது. நம் நாட்டில் நீதிபதியைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் அப்படிப்பட்ட அட்டவணை கிடையாது. எனவே "மீற முடியுமா" என்ற கேள்வியே உங்கள் தம்பிக்கு எழவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கம்ப்யூட்டர் விஷயமும் பாதி உண்மைதான். 2020 பிப்ரவரியில் சபா, சரவாக் நீதிமன்றங்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைப் பரிசோதனையாகப் பயன்படுத்தத் தொடங்கின, போதைப்பொருள் வைத்திருத்தல், பாலியல் வல்லுறவு ஆகிய குற்றங்களுக்கு. பழைய தீர்ப்புகளைப் பார்த்து ஒரு தண்டனையைப் பரிந்துரைப்பதுதான் அதன் வேலை. ஏற்பதும் கூட்டுவதும் குறைப்பதும் நீதிபதியின் கையில். என் அபிப்பிராயம் கேட்டால், ஒரே மாதிரி வழக்கில் ஒரு ஊரில் அபராதமும் இன்னொரு ஊரில் சிறையும் வருவதைக் குறைக்க இப்படி ஏதாவது தேவைதான். ஆனால் டயாலிசிஸ் அம்மாவை யார் வண்டியில் ஏற்றுவார்கள் என்ற கேள்வி எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது, அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, அட்டவணை இல்லை என்றால் நீதிபதியின் மனநிலைதானா? இல்லை. 1951-இல் இங்கிலாந்தில் பால் என்பவரின் வழக்கில் சொன்னதை நம் நீதிமன்றங்கள் இன்றுவரை எடுத்தாள்கின்றன: சட்டம் ஒவ்வொரு குற்றத்துக்கும் உச்சவரம்பை மட்டும் வைத்துவிட்டு, அதற்குள் இந்தக் குற்றத்துக்கும் இந்த ஆளுக்கும் எது பொருத்தம் என்று முடிவு செய்யும் உரிமையையும் கடமையையும் நீதிமன்றத்திடம் விட்டிருக்கிறது, முதலில் பார்க்க வேண்டியது பொதுநலன். 1976-இல் லூ சூன் ஃபாட் வழக்கில் நம் உயர்நீதிமன்றம் இதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 1981-இல் ஜாஃபா பின் டாவுட் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: சட்டப்படியான தண்டனை என்றால் பிரிவு சொல்லும் எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது, நிலைபெற்ற நீதிமன்றக் கொள்கைகளின்படியும் அளக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கொள்கைகள் என்னவென்றால், செய்ததற்குத் தகுந்த தண்டனை, இவரும் மற்றவர்களும் இனிச் செய்யாதபடி தடுப்பது, ஆபத்தானவரிடமிருந்து சமூகத்தைக் காப்பது, ஆளைத் திருத்துவது. கடைத்தெருச் சண்டைகளில் மாஜிஸ்திரேட் தடுப்பைத்தான் அதிகம் நினைப்பார், பொதுஇடத்தில் நடந்தது என்பதால். 23 வயதில் முதல் தடவை மாட்டியவர் என்னும்போது திருத்தத்தின் பக்கமும் கனம் ஏறும். எந்தப் பக்கம் எவ்வளவு ஏறும் என்பது நீங்கள் முன்வைக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது.

சட்டம் குறைந்தபட்சத்தை வகுத்துவிட்ட குற்றங்களில் இந்த விருப்புரிமை சுருங்கிவிடும். ஏமாற்றுக் குற்றத்துக்கான 420-இல் ஓராண்டுக்குக் குறைய சிறை கொடுக்க முடியாது. ஆபத்தாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்தால் 2020 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஐந்தாண்டு. மறுபக்கம், 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை எடுக்கப்பட்டு, கொலை வழக்கில்கூட நீதிபதிக்குத் தேர்வு வந்திருக்கிறது: மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு 12 பிரம்படிக்குக் குறையாத தண்டனை. 324-இல் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. வெறும் அபராதத்தோடு முடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதே சமயம் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், 12 பிரம்படி வரை விதிக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 324-இல் அபராதம் கட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு, சிறைக்குப் போனவர்களும் உண்டு.

ஒப்புக்கொண்டால் பாதியாகுமா?

இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பியிருக்கின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முறைப்படியான பேரத்துக்கு, அதாவது ஒப்புக்கொள்வதற்கு ஈடாகத் தண்டனை பற்றி அரசுத் தரப்போடு பேசுவதற்கு, வழி இருக்கிறது. அதன்படி ஒப்புக்கொண்டால், சில விலக்குகளைத் தவிர, அதிகபட்ச தண்டனையில் பாதிக்கு மேல் சிறை விதிக்கக் கூடாது. பாதி என்பது உச்சவரம்பில் பாதி, உங்கள் தம்பிக்குக் கிடைக்கவிருந்ததில் பாதி அல்ல. பத்தாண்டில் பாதி ஐந்து. மாஜிஸ்திரேட்டின் எல்லையே ஐந்துதான். ஆக நடைமுறையில் இது உங்களுக்கு எதையும் குறைக்காது.

மற்றது, எண்பதுகளின் பிற்பகுதியில் அப்போதைய சுப்ரீம் கோர்ட் சொன்ன நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான குறைப்பு. இதுதான் வழக்கமாக லாயர்கள் கேட்பது. ஆனால் இது கட்டாயம் இல்லை, பொதுநலன் வேறு மாதிரி சொன்னால் நீதிபதி கொடுக்காமல் இருக்கலாம், கையும் களவுமாகப் பிடிபட்டு வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டவருக்குக் குறைவாகக் கொடுக்கலாம். சாட்சிகள் ஏறி இறங்கிய பிறகு ஒப்புக்கொள்வதைவிட ஆரம்பத்தில் ஒப்புக்கொள்வதற்கு மதிப்பு அதிகம் என்பது உண்மைதான். ரெப்ரெசென்டாசிக்காக ஒரு தேதி தள்ளிக் கேட்பதால் அந்த மதிப்பு போய்விடாது, அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

ஒப்புக்கொள்ளும் நாளில் என்ன நடக்கும் என்று தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். குற்றச்சாட்டை வாசிப்பார்கள். விளைவு என்னவென்று புரிந்துதான் நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொள்கிறாரா என்று மாஜிஸ்திரேட் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், 173ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிறகு டிபிபி சம்பவ விவரத்தைத் தருவார், ஃபக்தா கேஸ் என்பார்கள். அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும், ஏனென்றால் தண்டனை அந்தத் தாளின் மேல்தான் நிற்கும். ஒரு அடி என்பது "பலமுறை தாக்கினார்" என்று எழுதப்பட்டிருந்தால் அங்கேயே ஆட்சேபிக்க வேண்டும். அதற்குப் பிறகு தண்டனையைக் குறைக்கக் கோரும் வாதம், அதுதான் மிட்டிகேஷன். "அவர்தான் முதலில் அடிக்க வந்தார், என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்" என்று அந்த நேரத்தில் சொன்னால் அது தற்காப்பு, குற்றத்தையே மறுப்பது. மாஜிஸ்திரேட் ஒப்புதலை ஏற்காமல் வழக்கை விசாரணைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். தற்காப்பு உண்டு என்றால் விசாரணையைக் கேளுங்கள், இல்லை என்றால் முழுமையாக ஒப்புக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் இல்லை.

மாஜிஸ்திரேட் முன் எதை வைப்பது

அம்மாவின் நோயைப் பற்றி நீங்கள் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் குடும்பம் படும் துன்பத்துக்கு நீதிமன்றங்கள் பொதுவாகக் கொடுக்கும் எடை குறைவு. குற்றம் செய்பவர் இதை முன்பே நினைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பார்வை. அதற்காகச் சொல்லாமல் விடவேண்டியதில்லை. ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அட்டவணை, அழைத்துப்போவது தம்பிதான் என்பதற்கு அங்கிருந்து ஒரு கடிதம், இரண்டு தாள் போதும். அதைவிடக் கனமானவை வேறு: காயப்பட்டவரின் மருத்துவச் செலவையும் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் தர முன்வருவது, உண்மையான மன்னிப்பு, தம்பியை நேரடியாகத் தெரிந்த சூப்பர்வைசரின் கடிதம், கோபத்தைக் கட்டுப்படுத்த ஆலோசகரிடம் இப்போதே போகத் தொடங்கியிருப்பது. இதெல்லாம் தேதிக்கு முதல்நாள் ஓடிப்போய்ச் சேகரித்ததாக இருக்கக் கூடாது. பையனை ஒருமுறைகூடப் பார்க்காத பிரமுகரின் புகழ்ச்சிக் கடிதத்தை நான் சேர்ப்பதே இல்லை, அதனால் மற்றக் கடிதங்களின் மதிப்பும் குறைகிறது.

இந்தச் சமாதானத்தை லாயர் வழியாகச் செய்யுங்கள். நீங்களோ தம்பியோ அந்த ஆளின் வீட்டுக்குப் போய்ப் பேசினால் சாட்சியைக் கலைப்பதாக ஆகிவிடும், ஜாமீனே போய்விடலாம். அவர் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினால் கேஸ் முடிந்துவிடும் என்பதும் அப்படியே நடப்பதில்லை, வழக்கு அரசுத் தரப்பினுடையது. ஆனால் அவர் மனம் மாறியிருப்பது ரெப்ரெசென்டாசிக்கு நிச்சயம் உதவும். அவருக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை மறக்காதீர்கள்: தண்டனைக்கு முன் அந்த அடி தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று நீதிமன்றத்தில் சொல்லக் கேட்கலாம், 183ஏ பிரிவு. முகத்தில் தழும்போடு அவர் பேசும்போது, அவருக்கு இதுவரை ஒரு சென் கூடக் கொடுக்கப்படவில்லை என்பது தெரியவந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாஜிஸ்திரேட்டுக்கு நேரடியாகக் கடிதம் எழுதவே வேண்டாம். ஒரு தரப்பு தனியாக நீதிபதியிடம் பேசுவது முறையல்ல, அந்தக் கடிதம் தம்பிக்குக் கெடுதல்தான் செய்யும்.

கேங் பற்றிய பயம். இது கற்பனை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன், நம் குடும்பங்கள் இந்தப் பயத்தோடுதான் கோர்ட் படி ஏறுகின்றன. சட்டம் என்ன சொல்கிறதென்றால், ஒருவரை அவர் மீது சாட்டப்பட்டு நிரூபிக்கப்பட்ட குற்றத்துக்கு மட்டும்தான் தண்டிக்க முடியும். குண்டர் கும்பல் உறுப்பினர் என்பது 130வி பிரிவின் கீழ் தனிக் குற்றம், தம்பி மீது அது இல்லை. ஃபக்தா கேஸிலோ வாதத்திலோ அப்படி ஒரு நிழல் விழுந்தால் லாயர் உடனே எழுந்து ஆட்சேபித்துப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். இதற்காகவாவது லாயர் இல்லாமல் போகாதீர்கள்.

தண்டனை நாளன்று, அதற்குப் பிறகு

அபராதம் விதித்தால் அன்றே கட்ட வேண்டியிருக்கும், கட்டாவிட்டால் அதற்குப் பதிலாகச் சிறை. பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு கூடவே போங்கள், கவுண்டர் மூடும் நேரத்தையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை போதும் என்று மாஜிஸ்திரேட் கருதினால், அதற்குப் பதிலாக 1954ஆம் ஆண்டின் கட்டாய வருகைச் சட்டத்தின் கீழ், நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேற்படாமல், மூன்று மாதம் வரை சமூக வேலை செய்ய உத்தரவிடக் கேட்கலாம். வேலையையும் அம்மாவையும் விடாமல் இருக்க இது உதவும், அதனால் லாயரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லி வையுங்கள்.

"இப்போது ஒப்புக்கொண்டு, தண்டனை அதிகமாக வந்தால் அப்பீலில் உண்மையைச் சொல்லலாம்" என்று தம்பி நினைத்தால் தடுத்து நிறுத்துங்கள். ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத் தன்மையையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம், 305ஆவது பிரிவு. நோட்டீஸ் கொடுக்க 14 நாள். அப்பீல் போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது, நிறுத்திவைக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சிறை என்றால் அதை அங்கேயே அப்போதே கேட்க வேண்டும். உயர்நீதிமன்றம் தண்டனையில் சும்மா கை வைக்காது; "நானாக இருந்தால் குறைத்துக் கொடுத்திருப்பேன்" என்பது போதாது, வெளிப்படையாகவே அளவு மீறியிருக்க வேண்டும் அல்லது கொள்கையில் பிழை இருக்க வேண்டும். அங்கே தண்டனை கூடவும் வாய்ப்பு உண்டு, அரசுத் தரப்பும் குறைவு என்று அப்பீல் செய்யலாம்.

லாயருக்குப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி மலேசியக் குடிமகன் என்பதால் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை, அதாவது யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சானை, நாடலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் ஜாமீன் முதல் விசாரணை, மிட்டிகேஷன் வரை அவர்களின் பட்டியலில் உள்ள லாயர் வருவார். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது. அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள். குற்றச்சாட்டுத் தாள், ஜாமீன் பத்திரம், போலீஸ் ரிப்போர்ட் நகல், தம்பியின் சம்பளச் சீட்டு, கடையின் பெயரும் சம்பவம் நடந்த தேதியும் நேரமும், இவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றிரவு நடந்ததை அவர் வாயாலேயே, எதையும் கூட்டாமல் குறைக்காமல், லாயரிடம் சொல்லட்டும். அதற்குள் தேதி வந்துவிட்டால், தம்பி மாஜிஸ்திரேட்டிடம் "லாயர் வைக்க அவகாசம் வேண்டும்" என்று கேட்கலாம், அது அவருடைய உரிமை.